ஒன்றுமில்லாத பிள்ளையின் வாப்பா

முதல் நாள் அவர் என்னிடம் சொன்னது இதுதான். "இவள்ட்ட ஒண்டும் இல்ல டீச்சர். நல்லாப் பாத்துக்கொள்ளுங்க. ஒண்டுமே இல்ல."

பதினொரு வயது மகளைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டுதான் சொன்னார். கவலையோடு சொல்லியிருந்தால் நான் ஆறுதல் சொல்லியிருப்பேன். அவர் முகத்தில் இருந்தது சந்தோசம். வெறுங்காணி வாங்கினவர் ஆட்களைக் கூட்டிப்போய், ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் மாடி கட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லும்போது வருமே, அந்தச் சந்தோசம். பிள்ளையின் பெயர் நுஸ்ரா. அவள் தன் சப்பாத்தின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது நுரைச்சோலைக்குக் கிட்ட ஒரு பாடசாலை. நான் சிலாபத்துக்காரி. சித்திரப் பாடத்துக்கு அங்கே இடமாற்றம் கிடைத்து ஏழு வருடம் படிப்பித்தேன். கிழமை நாட்களில் தங்குவதற்கு நான் எடுத்திருந்த அறை அவர்களுடைய வீட்டுக்கு அடுத்த வளவில் இருந்தது. அதனால் அவரைப் பாடசாலையில் பார்த்ததைவிட வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததுதான் அதிகம்.

வீதியோரத்தில் அவருக்கு வெல்டிங் கடை. கேற், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைபிடி எல்லாம் செய்வார். அவர் செய்த கேற் ஒவ்வொன்றிலும் ஒரு சோடி மயில் இருக்கும். நுரைச்சோலையிலிருந்து கண்டக்குழி வரைக்கும் பஸ்ஸில் போனால் அந்த மயில்களை எண்ணிக்கொண்டே போகலாம். ஒரு மயிலின் கழுத்தும் இன்னொன்றைவிடக் கொஞ்சம்கூட அதிகமாக வளைந்திருக்காது. அதில் அவருக்குப் பெரிய பெருமை.

"எழுபதாவது மயிலத்தான் நான் மயில் எண்டு ஒத்துக்கொண்டன் டீச்சர். அதுக்கு முந்தினதெல்லாம் கோழி."

ஆரம்பத்தில் இதற்கெல்லாம் நானும் சிரித்திருக்கிறேன்.

திறமை என்ற சொல்லை யாராவது வாயில் எடுத்தால் போதும், மனிசனுக்குச் சூடேறிவிடும். பள்ளிவாசலில் ஓதுகிற ஒருவரைப் பற்றி, "அல்லாஹ் குடுத்த குரல்" என்று கடையில் யாரோ சொன்னார்களாம். இவர் கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டு அந்த மனிசனோடு மல்லுக்கு நின்றார். "அல்லாஹ் எல்லாருக்கும் ஒரே தொண்டையத்தான் குடுத்தான். அவர் ஓதினார், நீ தூங்கினாய். அவ்வளவுதான் வித்தியாசம். உன்ட சோம்பலுக்கு அல்லாஹ்வ சாட்சிக்கு இழுக்காத."

என்னையும் விடவில்லை. "நீங்களும் பழகினதுதானே டீச்சர்? பிறக்கேக்க கையில பிறஷ்ஷோடயா பிறந்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மையாக இருந்ததால்தான் அப்படி. ஒரு வாழைச்சீப்பையும் பித்தளைச் செம்பையும் நான் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆசிரியர் கலாசாலையில் பழக்கினது. அதற்கு அங்கால் என் கை போகாது. இத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த ஒரு விசயத்தை அந்த மனிசன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

அந்தக் கொள்கை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் ஒருநாள் அவரே சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களெல்லாம் விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து குடும்பத்தோடு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியபோது அவருக்கு ஒன்பது வயது. முகாமில் ஓலைக் கொட்டிலில் பள்ளிக்கூடம். யாரோ வெளியாட்கள் பிள்ளைகளுக்கென்று கலர்ப் பென்சில் பெட்டி கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் காணாது. அப்போது படிப்பித்த மாஸ்டர், வரையக்கூடிய பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்போம் என்று சொல்லி, வரிசையில் நின்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போய்ச் சிலருக்குக் கொடுத்தாராம்.

"ஒருத்தரையும் வரைஞ்சு காட்டச் சொல்லல்ல. மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிட்டார், ஆரிட்ட திறமை இரிக்கு, ஆரிட்ட இல்லையெண்டு. என்ட மூஞ்சியையும் பாத்தார். பாத்திட்டு அடுத்த புள்ளையிட்டப் போனார்."

அதைச் சொல்லும்போது அவருடைய தாடை இறுகியது. அவரை வெறுக்க முடியாமல் நான் இருந்த ஒரே பின்னேரம் அது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரியாகிவிடுவேன், அதனால் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் பென்சிலுக்கு அவர் பழிவாங்கியது மாஸ்டரிடம் அல்ல. மகளிடம்.

விடியச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் தொடங்கும். முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு மேசை. பிள்ளை உட்கார்ந்து வரைவாள். அவர் பின்னால் நிற்பார். பரிசு வாங்கிய படங்கள் எங்கே கண்காட்சிக்கு வைத்திருந்தாலும் போய் போனில் படம் பிடித்து வந்துவிடுவார். நடுவர்மாருக்கு என்ன பிடிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். நாலு சமயத்துப் பிள்ளைகள் கைகோத்து நிற்கிற படம், புறா பறக்கிற படம், தென்னைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற படம். அடிமட்டத்தால் அளந்து, எந்தத் தென்னை தாளின் எந்த மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறித்துக் கொடுப்பார். அதே படத்தை அவள் நூறு தரம் வரைவாள். நூற்றியோராவது தரம் பார்க்காமல் வரைவாள்.

பஸ்டல் நிறத்தை ஒன்றோடொன்று கலக்கிற வேலையை மட்டும் அவளிடம் விடமாட்டார். பெருவிரலை வாயில் வைத்து எச்சில் தொட்டு, அவளுடைய தோளுக்கு மேலால் கையை நீட்டி, அவள் போட்ட வானத்தைத் தேய்ப்பார். திரும்ப வாய்க்கு. திரும்ப வானத்துக்கு. விரலில் நீலம், உதட்டில் நீலம். பிள்ளை தலையை ஒரு பக்கம் சாய்த்து அந்தக் கைக்கு இடம் விடுவாள். அந்தத் தாள்கள் பாடசாலைக்கு வரும்போது ஒரு புளித்த வாடை இருக்கும். நான் நுனியில் பிடித்துத்தான் வாங்குவேன்.

வீட்டுக்கு யாராவது வந்தால் அவளைக் கூப்பிடுவார். அவளுடைய வலது கையை மணிக்கட்டில் பிடித்து, சந்தையில் மீனைச் செவுளில் பிடித்துத் தூக்கிக் காட்டுவதுபோலத் தூக்கிக் காட்டுவார். "பாருங்க. சாதாரணக் கை. உங்கட மகள்ட கை மாதிரித்தான். இதில ஒண்டும் இரிக்கல்ல. நான்தான் செஞ்சன்."

ஒருநாள் அவருடைய மனைவி என்னைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். குசினியில் வைத்து, வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், நான் சொன்னதெண்டு சொல்லாதீங்க. இவ சின்னதுல சுவரெல்லாம் கீறுவா. மூண்டு வயசு இருக்கும். கரிக்கட்டையால, செங்கல்லால, கிடைச்சதால எல்லாம். ஆடு படுத்திரிக்கிற மாதிரி, நான் தலை சீவுற மாதிரி. பாத்தா அப்பிடியே இரிக்கும்."

"நானாக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவருடைய கணவரை நான் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன்.

"தெரியாம? அவர்தான் சுண்ணாம்பு அடிச்சு மறைச்சவர். 'இனி ஆரும் வந்து கேட்டா, இவளுக்கு ஒண்டும் தெரியாதெண்டுதான் சொல்லோணும்' எண்டார்."

தேத்தண்ணி என் கையில் ஆறிப்போனது. தெரியாமல் செய்கிற மனிசன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தெரிந்துகொண்டு செய்திருக்கிறார். மகளிடம் ஒன்றுமில்லை என்று இருந்தால்தான் அவருடைய கொள்கை ஜெயிக்கும். அதனால் மகளை ஒன்றுமில்லாதவளாக ஆக்கினார்.

அவள் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தாள். தரம் ஏழில் மாகாண மட்டத்தில் முதலிடம். பாடசாலையில் விழா வைத்தார்கள். அதிபர் மேடையில், "இது இறைவன் நமது பிள்ளைக்குக் கொடுத்த வரம்" என்று பேசினார். இவர் கீழே இருந்து கையை உயர்த்தினார். அதிபர் மறுக்க முடியாமல் மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்.

"அதிபர் ஸேர் கோவிக்கப்படாது. வரம் எண்டா மத்தப் புள்ளையள் என்ன பாவம் செஞ்சிச்சு? அல்லாஹ் ஓரவஞ்சனை செய்ய மாட்டான். இந்தப் புள்ளையிட்ட ஒரு துளி திறமை இல்ல. நான் பெத்த புள்ள, எனக்குத் தெரியும். வகுப்பிலயே மக்குப் புள்ளையக் கொண்டாங்க, நான் செஞ்சு காட்டுறன்."

தாய்மார் எழும்பி நின்று கைதட்டினார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் வழியிருக்கிறது என்று ஒருவர் மேடையில் நின்று சொன்னால் யார்தான் தட்டமாட்டார்கள்? பரிசுக் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நுஸ்ரா அவருக்குப் பக்கத்தில் நின்றாள். தானும் தட்ட வேண்டும் என்று அவள் நினைத்திருப்பாள். கிண்ணத்தை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தாள்.

தரம் எட்டில் ஒருநாள் பாடவேளை முடிந்து கொப்பிகளை அடுக்கியபோது அவளுடைய கொப்பி தவறி விழுந்து பின்பக்கம் திறந்தது. பென்சிலால் ஒரு முகம் வரைந்திருந்தாள். கீழேயிருந்து பார்க்கிற முகம். மூக்குத் துவாரங்கள், சவரம் செய்யாத தாடையின் அடிப்பக்கம், பாதி திறந்த வாய், நாக்கு நுனியில் தொட்டுக்கொண்டிருக்கிற பெருவிரல். கதிரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை தலையைச் சாய்த்து மேலே பார்த்தால் தெரிகிற முகம் அது. தாள் முழுவதையும் அடைத்துக்கொண்டு, மேலிருந்து விழப்போகிற மாதிரி இருந்தது. கோடுகள் ஒன்றும் நேரில்லை. ஆனால் அந்த விரலின் ஈரம் தெரிந்தது. வெறும் பென்சிலால் ஈரத்தை எப்படிப் போட்டாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இருபது வருடம் படிப்பித்தாலும் என்னால் போட முடியாது.

எனக்கு மயிர் சிலிர்த்தது.

அங்கேதான் நான் பிழை விட்டேன். அதை நான் கிழித்து என்னிடமே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடிக் கொடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அந்த மனிசனை ஒருமுறையாவது வாயடைக்கப் பண்ண வேண்டும் என்ற ஆசையில் கொப்பியை எடுத்துக்கொண்டு பின்னேரமே அவருடைய கடைக்குப் போனேன்.

"பாருங்க நானா. இத ஆர் பழக்கினது? நீங்க பழக்கினதா? நான் பழக்கினதா? ஒருத்தரும் இல்ல. இது அவவுக்குள்ள இருந்து வந்தது."

வெல்டிங் முகமூடியைக் கழற்றிவிட்டு வாங்கினார். பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். அவருடைய வலது பெருவிரல் மெதுவாக மடங்கி மற்ற விரல்களுக்குள் ஒளிந்துகொண்டது. அந்த ஒரு நிமிடம் நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு கேட்டார், "எத்தின நிமிசத்துல வரைஞ்சாவாம்?"

"தெரியாது."

"வாய் பிழை. வாயத் திறந்து போட்டா நடுவர்மாருக்குப் பிடிக்காது." கொப்பியை மடித்துத் தன் சேட்டுக்குள் வைத்துக்கொண்டார். "நல்ல விசயம் காட்டித் தந்தீங்க டீச்சர். முகம் நாங்க இன்னும் செய்யல்ல. செய்வம்."

அடுத்த நாள் காலையில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மேசையில் அந்தக் கொப்பி திறந்து கிடந்தது. நுஸ்ரா அதைப் பார்த்துத் திரும்ப வரைந்துகொண்டிருந்தாள். அவர் பின்னால் நின்று, "வாய மூடு. தாடிய ஒழுங்கா வெட்டு. சிரிக்கோணும், கொஞ்சமாச் சிரிக்கோணும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் அது நடந்தது. பத்தாவது படத்தில் விரல் போய்விட்டது. இருபதாவதில் தொப்பி வந்தது. பிறகு முகம் கீழேயிருந்து பார்க்காமல் நேராகத் திரும்பிவிட்டது. பின்னால் பள்ளிவாசலும், தென்னைக்கு நடுவில் இறங்குகிற சூரியனும் வந்து சேர்ந்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை. பாடசாலையிலும் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. "ஓம் டீச்சர், இல்ல டீச்சர்," அவ்வளவுதான்.

அந்தப் படத்துக்கு "எனது அன்புத் தந்தை" என்று பெயர் வைத்து வலயப் போட்டிக்கு அனுப்பினார். நடுவர்களில் ஒருத்தி நான். நான் அதற்கு முதலிடம் கொடுத்தேன். வந்த படங்களில் அதுதான் சுத்தமாக இருந்தது, மற்றவை அதைவிட மோசம், வேறென்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது என் விரல்களை மோந்து பார்த்தேன். அந்த வாடை இருந்தது.

அடுத்த வருடமே மாற்றம் கேட்டுச் சிலாபத்துக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டர் சைக்கிள் நின்றது. தலை நரைத்துக் கொஞ்சம் மெலிந்திருந்தார். ஒரு பையில் றால் கொண்டுவந்திருந்தார். பின்னால் நுஸ்ரா. இருபது வயதாகிவிட்டது. கறுப்பு அபாயா, தோளில் ஒரு கைப்பை.

கடைக்குப் பின்னால் கொட்டகை போட்டு இப்போது சித்திர வகுப்பு நடத்துகிறாராம். புத்தளத்திலிருந்துகூடப் பிள்ளைகள் வருகிறார்களாம். படிப்பிப்பது நுஸ்ராதான். விளம்பரத் துண்டு அச்சடிக்கப் போகிறார். அதற்கு என்னிடம் ஒரு கடிதம் வேண்டும்.

"நீங்கதான் ஆரம்பத்துல பாத்த டீச்சர். தரம் ஆறில இந்தப் புள்ளையிட்ட சித்திரத் திறமை ஒண்டும் இருக்கல்ல எண்டு உங்கட கையால எழுதித் தாங்க. அதப் பாத்தா தாய் தகப்பன்மாருக்கு நம்பிக்கை வரும்."

மகள் இரண்டடி தள்ளி நின்றாள். அவளை வைத்துக்கொண்டு இன்னமும் அதையேதான் சொன்னார்.

"எழுத மாட்டன்," என்றேன். "அவவிட்ட இருந்திச்சு. உங்களுக்கும் அது தெரியும். நீங்க சுண்ணாம்பு அடிச்சு மறைச்சீங்க. நான் காட்டித் தந்ததையும் நாசமாக்கினீங்க."

அவர் கோபப்படவில்லை. சின்னப்பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரி டீச்சர். உங்களுக்கு அந்தக் கதை தேவைப்படுது. வரையாத ஆக்களுக்கெல்லாம் அது தேவைப்படும்." றால் பையைக் கதிரையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

நுஸ்ரா போகவில்லை. ஏழு வருடத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எழுதித் தாங்க டீச்சர்."

"என்ன மகள் சொல்றீங்க? நீங்களுமா?"

"வாப்பாக்காக இல்ல. எனக்கு வேணும்." அவளுடைய குரலில் நடுக்கம் எதுவும் இல்லை. "என்ட கை இப்ப எதையும் பாக்காம வரையும். நல்லாத்தான் வரையும். பிள்ளையளும் சந்தோசமாத்தான் வாறாங்க. ஆனா நீங்க, உம்மா, நீங்க ரெண்டு பேரும் என்னப் பாக்கிற நேரமெல்லாம் 'இருந்திச்சு, இருந்திச்சு' எண்டு பாக்கிறீங்க. இருந்திச்சு எண்டா, அது எங்க போச்சுதெண்டு நான் தேடோணும். எங்க டீச்சர் தேடுறது? ஒண்டும் இருக்கல்ல எண்டு நீங்க எழுதித் தந்தீங்கெண்டா, எனக்கு அந்த வேலை இல்ல."

அடுப்பில் சோறு பொங்கி மூடியைத் தட்டியது. நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அவள் அதே இடத்தில் நின்றாள்.

தாள் எடுத்து எழுதினேன். தரம் ஆறில் என்னிடம் வந்தபோது இப்பிள்ளையிடம் சித்திரத்தில் விசேட திறமை எதுவும் காணப்படவில்லை என்றும், அவர் இன்று அடைந்திருப்பது முழுக்க முழுக்கப் பயிற்சியால் வந்தது என்றும், நல்ல தமிழில், அழகான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரியும் தடுமாறவில்லை. எனக்கு அந்தமாதிரி எழுதப் பழக்கமிருக்கிறது.

அவள் நின்றபடியே முழுவதையும் வாசித்தாள். "நன்றி டீச்சர்," என்றாள். நான்காக மடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அவர் மோட்டர் சைக்கிளில் இருந்தபடியே கையை நீட்டினார். "எழுதித் தந்திட்டாவா? கொண்டா, பாப்பம்."

"இது எனக்குத் தந்தது வாப்பா," என்று சொல்லிக் கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினாள். பிறகு, நீட்டிய கையைத் தாண்டி, பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.